பூரியில் இரண்டு நாள் தங்கப் போகிறோம். விடுதிச் சாப்பாட்டை விட்டு, நடந்தே ஊர்ச் சாப்பாடு சாப்பிட எப்படித் திட்டமிடலாம்?

ஒடிஷாவின் பூரிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் ஸ்வர்கத்வார் பக்கம் கடலைப் பார்த்த அறை எடுத்து, கீழே உள்ள ஓட்டலிலேயே மூன்று வேளையும் முடித்துக்கொள்கிறார்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் கொல்கத்தாக்காரர்களுக்காகச் சமைக்கிற வங்காளச் சாப்பாடு. அந்த மீன்குழம்புச் சோறு நன்றாகவே இருக்கும். ஒடியாச் சாப்பாடு வேண்டுமென்றால் இருபது நிமிடம் ஊருக்குள் நடந்து, ஜகன்னாதர் கோயில் பக்கம் போக வேண்டும். பகலில் கோயில் பக்கம், மாலையில் கடற்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் ஏழரை மணி வாக்கில் படதாண்டாவில் தொடங்கலாம். கோயிலிலிருந்து குண்டிச்சா கோயில் வரை மூன்று கிலோமீட்டர் நீளும் தேர் வீதி அது. கோயில் முனையிலும் கிளைச் சந்துகளிலும் உள்ள சிறு கடைகளில் பரா, குகுனி கேளுங்கள். பரா என்பது உளுந்து வடைதான். அதன் மேல் சட்னிக்குப் பதில் குகுனி என்ற சூடான பட்டாணிக் குழம்பை ஊற்றி, தைத்த இலைத் தொன்னையில் கொடுப்பார்கள். வடை சட்டியிலிருந்து எடுக்கும்போதே வாங்குங்கள். ஆறிக் குவிந்து கிடக்கும் வடை எண்ணெய் குடித்திருக்கும், குகுனியில் ஊறியதும் கொழகொழத்துவிடும். இரண்டு வடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மதியத்துக்கு வயிற்றில் இடம் வேண்டும்.

வெயில் ஏறியதும் டங்க தொரானி என்ற பானம். மகாபிரசாதச் சோற்றை, அதாவது ஜகன்னாதருக்குப் படைத்த சோற்றை, இரவெல்லாம் நீரில் ஊற வைத்து, புளித்த நீரை வடித்து, தயிர், மாங்காய் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, எலுமிச்சை இலை, வறுத்த சீரகப்பொடி, உப்பு சேர்த்துக் கலக்குவது. நம் நீராகாரமும் நீர்மோரும் ஒரே மண்குவளையில் சேர்ந்ததுபோல் இருக்கும். பூரிக்கென்றே உள்ள பானம் இது, தவற விடாதீர்கள். காலையில் கலக்கியது மாலைக்குள் கடும் புளிப்பாகிவிடும் என்பதால் பத்து மணியிலிருந்து மதியத்துக்குள் குடிப்பது நல்லது. ஐஸ் போட வரும் கடையில் ஐஸ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

மதியச் சாப்பாடு, மகாபிரசாதம் விற்கும் ஆனந்த பஜாரில். கோயில் வளாகத்துக்குள் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. செல்போனும் தோல் பொருட்களும் உள்ளே அனுமதி இல்லை, வாசல் பக்கத்துக் கவுண்டரில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கையில் சில்லறை நோட்டு மட்டும் போதும். கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. மற்றவர்கள் விடுதிக்காரர் மூலம் கோயில் சேவகரிடம் சொல்லிச் சாப்பாட்டை வெளியே வரவழைத்துக்கொள்ளலாம்.

இங்கே விற்கும் சோற்றுக்கு அபடா என்று பெயர். விறகடுப்பில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சமைக்கிறார்கள். ஒருமுறை சமைத்த பானையில் மறுமுறை சமைப்பதில்லை. வெங்காயம், பூண்டு கிடையாது. உருளைக்கிழங்கு, தக்காளி, பச்சை மிளகாய் போன்ற பிற்காலத்தில் வந்த காய்களும் கிடையாது. காரத்துக்கு மிளகு, மணத்துக்கு இஞ்சி, சீரகம், நெய், தேங்காய். முதல் வாய்க்குச் சப்பென்று தோன்றும். பருப்பில் சேனையும் பூசணியும் வாழைக்காயும் குழைந்த டால்மாவைப் பிசைந்து நாலு வாய் உள்ளே போனதும் அந்த விறகுப் புகை மணம் பிடிபடும்.

இருவருக்கு வெள்ளைச் சோறு, டால்மா, கடுகு அரைத்து விட்ட காய்க்குழம்பான பேசர, புளிப்புக்கு கட்டா, கடைசியில் கீரி என்ற பாயசம் போதும். நெய், சர்க்கரை, திராட்சை, ஏலக்காய் போட்ட கனிகா சோறு இனிக்கும், சீக்கிரம் திகட்டும். ஒரு சிறிய குடுவா (மண்பானை) மட்டும் வாங்குங்கள். விற்பவர்கள் சமையல் சேவகர்களான சுவாராக்கள். விலை ஆளுக்கு ஆள் மாறும். ஒரு பானை எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டு, மூடியைத் திறந்து பார்த்து, இரண்டு மூன்று பேரிடம் விசாரித்த பிறகு வாங்குங்கள். கூட்டம் அள்ளும் நாளில் முதலில் சொல்லும் விலை கூடுதலாகவே இருக்கும். தரையில் உட்கார்ந்து வாழை இலையில், யார் பக்கத்தில் யார் என்ற கணக்கில்லாமல் சாப்பிடுவது இங்கே வழக்கம். இலையில் மிச்சம் வைக்கக் கூடாது, ஆகவே அளவாக வாங்குங்கள். ஏகாதசி விரதக்காரர்கள் தயங்க வேண்டாம். பூரியில் மகாபிரசாதத்துக்கு ஏகாதசித் தடை இல்லை.

நேரம்தான் பலரை ஏமாற்றுகிறது. மதிய நைவேத்தியம் முடிந்தால்தான் சோறு வெளியே வரும். பொதுவாக ஒரு மணிக்கு மேல் போனால் எல்லாம் கிடைக்கும், ஆனால் விசேஷ நாளில் சடங்கு தள்ளிப்போனால் சாப்பாடும் தள்ளிப்போகும். பசியோடு பதினொரு மணிக்கே போய் நிற்காதீர்கள். தேர்த் திருவிழா நாட்களில் சுவாமி குண்டிச்சா கோயிலில் இருப்பதால் சமையலும் அங்கேதான்.

மாலையில் ஸ்வர்கத்வார் மணலோரம் மீன், இறால், நண்டு பொரிக்கும் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். தட்டில் சிவப்பு மசாலா பூசி அடுக்கியதில் பாதி முன்னமே ஒருமுறை பொரித்தது. பச்சையாக இருப்பதைக் காட்டி, எடை போட்டு, விலை பேசிய பிறகே சட்டியில் போடச் சொல்லுங்கள். பொரித்த பின் விலை கேட்டால் அவர் சொல்வதுதான். மசாலா இல்லாத இடத்தில் மோந்து பாருங்கள், மூக்கைக் குத்தும் நெடி வந்தால் நகர்ந்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது வண்டியில் இருப்பது ஐஸில் கிடந்ததாக இருக்கலாம். சிலிகா ஏரி நண்டும் இறாலும் கேட்பது மேல். புது மீன் பார்க்க ஆசையிருந்தால் விடியற்காலையில் கடற்கரையோடு கிழக்கே பெண்டகட்டா வரை நடங்கள். தெலுங்கு பேசும் மீனவர்களின் குடியிருப்பு அது.

இனிப்பில் சேனாபோடாவும் காஜாவும் முக்கியம். சேனாபோடா என்பது பாலைத் திரித்தெடுத்த சேனாவில் சர்க்கரையும் கொஞ்சம் ரவையும் பிசைந்து, இலையில் சுற்றிச் சுட்டது. மேல்தோல் கரும்பழுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் இருக்க வேண்டும். புளித்த வாடை வந்தால் பழசு. வாங்கிய அன்றே சாப்பிட்டுவிடுங்கள்.

காஜாவை ஊர் திரும்பும் நாளில் வாங்குங்கள். மைதாவை மெல்லிசாகத் தேய்த்து, நெய் தடவி, அடுக்கிச் சுருட்டி, வெட்டிப் பொரித்துப் பாகில் முக்குவது அது. ஒன்றை உடைத்துப் பாருங்கள். அடுக்கு அடுக்காகப் பிரிந்தால் சரி. நடுவில் மாவாக ஒட்டினால் எண்ணெய் அதிகச் சூட்டில் இருந்திருக்கிறது. மேலண்ணத்தில் மெழுகுபோல் படிந்தால் வனஸ்பதி. நெய் காஜா விலை கூடுதல், ஆனால் வேறுபாடு முதல் கடியிலேயே தெரியும். காற்றுப் புகாத டப்பாவில் பத்து நாள் தாராளமாக நிற்கும். அட்டைப் பெட்டியிலேயே விட்டால் கடற்காற்றில் மறுநாளே நமத்துவிடும்.