மாதுமை என்று பெயர் வைக்கலாமா?

வணக்கம் ஐயா,

மகள் பிறந்து இருபது நாள். அம்மம்மா மாதுமை என்றுதான் வைக்கச் சொல்கிறா. அம்மனின் பெயர் பிள்ளைக்குக் கனதி என்கிறார்கள் சிலர். பள்ளிக்கூடத்தில் 'மது' என்று பகிடி பண்ணுவார்கள் என இவர் தயங்குகிறார். அதன் சரியான பொருள் என்ன?

வாசகி, உவர்மலை

அன்புள்ள சகோதரிக்கு,

மதுவுக்கும் இந்தப் பெயருக்கும் உறவே இல்லை. மாது, உமை என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது இது. 'மாது' குற்றியலுகரத்தில் முடிகிறது. அடுத்து உயிர் வந்ததும் அந்த உகரம் ஓடிவிடும், மிஞ்சிய மெய்யில் 'உமை' ஏறிக்கொள்ளும். மாதாகிய உமை என்பது பொருள். 'மா உமை', அதாவது பேருமை என்று பிரிப்பது பிழை. அப்படியானால் நடுவில் வகரம் வந்து 'மாவுமை' ஆகியிருக்கும். 'து' வர வழியில்லை.

உமை என்பது வடமொழி உமா. தவத்துக்குப் புறப்பட்ட மகளைத் தாய் மேனை "உ, மா", அடி வேண்டாம் என்று மறித்ததால் வந்த பெயர் என்கிறது காளிதாசரின் குமாரசம்பவம். மறித்தும் போய் நினைத்ததை முடித்தவள். பெண்பிள்ளைக்கு இதைவிட நல்ல பெயர் எது!

திருகோணமலைச் சுவாமிமலையில் கோணேசருடன் இருப்பவள் மாதுமை அம்மை. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடிய திருக்கோணமலைப் பதிகம் அவளை 'வரைகெழு மகள்' என்கிறது, 'பிடியன நடையாள்' என்கிறது. பிடி என்றால் பெண்யானை. தம்பலகாமம் ஆதிகோணேசர் கோயிலிலோ அவள் அம்சகமனாம்பிகை, அன்னம்போல் நடப்பவள். கடல் அறையும் பாறைமேல் யானை நடை, வயல் நடுவே அன்ன நடை. மதுரையில் வீட்டுக்கு வீடு மீனாட்சி இருக்கும்போது, நம் ஊர்ப் பிள்ளைக்கு மாதுமை எப்படிக் கனதியாகும்?

கவனிக்க வேண்டியது முதலெழுத்தின் நெடில். தமிழிலும் சிங்களத்திலும் அது தப்பிக்கும், ஆங்கிலத்தில்தான் தொலையும். ஒற்றை 'ஏ' போட்டால் 'மதுமை' என்று வாசிப்பார்கள், உங்கள் கணவர் பயப்படுகிற 'மது' அங்கிருந்துதான் வரும். இரண்டு 'ஏ' போடுங்கள். தகரத்துக்கு 'ரி, எச்' இரண்டும் வேண்டும். 'எச்' விடுபட்டால் 'மாடுமை' என்றுகூட வாசிப்பார்கள். பதிவுக்கு 42 நாள் இருக்கிறது. 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைத்தாலும் போதிய நேரம். படிவத்தில் எழுதியதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

வீட்டில் சுருக்கிக் கூப்பிட 'மாது' வேண்டாம், நாளடைவில் குறுகி 'மது' ஆகிவிடும். உமா என்றே கூப்பிடுங்கள்.