வெயிலில் கருகிய புல்தரை: பெயர்க்கும் முன் இழுத்துப் பாருங்கள்

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். வீட்டு முன்புறப் புல்தரை ஜூலை வெயிலில் காய்ந்துவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் பெய்த மழைக்குப் பெரும்பகுதி பச்சையாகிவிட்டது, சில திட்டுகள் மட்டும் அப்படியே பழுப்பாக இருக்கின்றன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். டொராண்டோ பக்கம் வீடுகளில் அதிகம் இருப்பது கென்டக்கி புளூகிராஸ் என்ற புல்வகை. தண்ணீர் இல்லாத வெயிலில் அது இலையைக் காயவிட்டு உறங்கிவிடும். மண்ணை ஒட்டிய அடிக்குருத்து உயிரோடு இருக்கும். பச்சை திரும்பிய இடங்கள் அப்படி உறங்கியவைதான்.

இனி அந்தப் பழுப்புத் திட்டுகள். ஒரு பிடி புல்லைப் பிடித்து இழுங்கள். பிடிவாதமாக நின்று, அடிக்குருத்தும் வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது, தண்ணீர் போதும். அடிவரை காய்ந்து நொறுங்கினால் செத்துவிட்டது. பாயைச் சுருட்டுவதுபோல் வேரில்லாமல் உரிந்து வந்தால் வேர்ப்புழுவின் வேலை. அந்த இடத்தில் நாலு விரல் ஆழம் கிளறுங்கள். பழுப்புத் தலையோடு வெள்ளைப் புழுக்கள் வளைந்து சுருண்டு கிடக்கும். சதுர அடிக்கு நாலைந்து என்றால் நல்ல புல் தாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் என்றால், கடையில் கிடைக்கும் நெமடோடுகளை, அதாவது வேர்ப்புழுவைக் கொல்லும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களை, வாங்கி மண்ணில் விடுங்கள். ஏனென்றால், நம் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009 முதல் புல்தரை அழகுக்காக ரசாயனப் பூச்சிமருந்து அடிக்கத் தடை இருக்கிறது. நெமடோடுகள் உயிருள்ளவை. காலாவதித் தேதி பாருங்கள், மண்ணை நன்றாக நனைத்துவிட்டு மாலையில் ஊற்றுங்கள். வெயில் பட்டால் செத்துவிடும். புழு சின்னதாக இருக்கும் செப்டம்பரே இதற்குச் சரியான நேரம்.

செத்த திட்டுகளில் விதை போடவும் இதுதான் காலம். மண்ணில் சூடு மிச்சம் இருக்கிறது, காற்று குளிர்ந்துவிட்டது, கோடைக் களைகளின் வேகமும் அடங்கிவிட்டது. காய்ந்த புல்லை வாரி எடுத்து, மண் தெரியும்படி கீறிவிட்டுத் தூவுங்கள். விதை மண்ணைத் தொடாவிட்டால் குருவிக்குத்தான் தீனி. மேலே மெல்லிசாகக் கம்போஸ்ட், ஒரு சென்டிமீட்டருக்குள். முளைக்கும்வரை தினம் இரண்டு வேளை லேசாகத் தண்ணீர். அப்புறம் இடைவெளி விட்டு ஆழமாக. ரைகிராஸ் என்ற புல்வகை ஒரு வாரம், பத்து நாளில் தலைகாட்டும். புளூகிராசுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் 'விதை சரியில்லை' என்று கைவிடுபவர்கள்தான் அதிகம்.

ஒரு எச்சரிக்கை: களை வராமல் தடுக்க விற்கும் கார்ன் குளூட்டனை (மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் புரதத் தூள்) இப்போது போடாதீர்கள். அது புல் விதையையும் வேர்விட விடாது. அதேபோல மேப்பிள் இலைகள் இளம்புல்லை மூடிக் கிடக்க விடாதீர்கள். புல் எட்டு சென்டிமீட்டர் வளர்ந்த பிறகு, கூரான பிளேடால் நுனியை மட்டும் வெட்டுங்கள்.

செப்டம்பர் தவறிப்போனால் அக்டோபர் நடுவில் அவசரமாக விதைக்க வேண்டாம். முளைக்கும் பிஞ்சு பனியில் போய்விடும். மண் நன்றாகக் குளிர்ந்த நவம்பர் பிற்பகுதிவரை பொறுத்துத் தூவுங்கள். விதை உறங்கிக் கிடந்து வசந்தத்தில் முளைக்கும்.