எங்கள் ஊர்ச் சபைக்கு டிசைன், வெப்சைட் வேலைகளை இலவசமாகச் செய்து கொடுக்க ஆசைப்படுகிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வெப்சைட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியில், பல வருடமாக இந்த வேலையைப் பார்த்து வருகிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கத்தோலிக்கப் பங்கு, பெந்தெகொஸ்தே சபை என்றால் நிர்வாகம்தான் வேறாக இருக்கும், வேலை ஏறக்குறைய இதேதான்.

முதல் ஞாயிறு கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து திரையைப் பாருங்கள். 2020 ஊரடங்கில் புனித வெள்ளியும் ஈஸ்டரும் வீட்டுக்குள்ளேயே போனபோது பல சபைகள் அவசர அவசரமாக யூடியூப் லைவுக்கு வந்தன. அதற்கு முன்பே பாட்டு வரிகளுக்கு புரொஜெக்டர் வைத்திருந்த சபைகளும் உண்டு. வாரம் தவறாமல் சபை முழுக்கப் பார்க்கிற டிசைன் அந்தப் பாட்டு ஸ்லைடுதான். பெரும்பாலான கோயில்களில் அதை யாரும் ஒரு டிசைன் வேலையாக நினைப்பதே இல்லை.

எங்கள் கோயிலில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி ஜெபக்கூட்டத்தில் பளிச்சென்று தெரியும். காலை ஆராதனையில் ஜன்னல் வெளிச்சம் திரையில் விழும்போது கறுப்பு சாம்பலாக வெளுத்து எழுத்து அதில் கரைந்துவிடும். பகல் ஆராதனைக்கு வெளிர் பின்னணி, கறுப்பு எழுத்து என்று மாற்றினோம். ஒரு ஸ்லைடுக்கு நான்கு வரி, அதற்கு மேல் கிடையாது. வரியை இடம் முடிகிற இடத்தில் உடைக்காமல், பாடும்போது மூச்சு விடுகிற இடத்தில் உடைக்க வேண்டும். கீர்த்தனைகளில் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவி திரும்ப வரும் அல்லவா, அந்தப் பல்லவி ஸ்லைடை ஒவ்வொரு முறையும் காப்பி செய்து வைத்துவிடுங்கள். லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கிற பையன் பின்னோக்கித் தேடத் தேவையில்லை, 'அடுத்து' பட்டனை அழுத்தினால் போதும். ஓபன்எல்பி என்ற இலவச மென்பொருள் இதற்குத் தாராளமாகப் போதும். இதையெல்லாம் செய்த பிறகு, பாட்டுப் புத்தகத்தைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்து பாடினார்கள். அதைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் வேறு எந்த டிசைன் வேலையிலும் கிடைத்ததில்லை.

அடுத்தது எழுத்துரு. சேகரத்தில் கிடைக்கிற பழைய ஃபைல்கள் எல்லாம் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் இருக்கும். உங்கள் போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரியும். எழுத்துருவை மாற்றும் மென்பொருளைக் கொண்டு, எல்லாக் கருவிகளிலும் சரியாகத் தெரிகிற யூனிகோடுக்குக் கொண்டுவந்து, பாட்டு, ஆராதனை முறைமை, வருடாந்தர அறிக்கை என்று பிரித்து ஒரு கோப்புறையில் வையுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை எல்லாம் திறந்த உரிமத்தில் கிடைக்கிற எழுத்துருக்கள். திருட்டு எழுத்துரு தேட வேண்டிய அவசியமே இல்லை. பாட்டு வரிகளுக்கும் அதே கவனம் வேண்டும். இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 வருடம் வரை காப்புரிமை உண்டு. வேதநாயக சாஸ்திரியார் 1864-ல் காலமானவர், அவர் கீர்த்தனைகளைத் தயங்காமல் வெப்சைட்டில் போடலாம். இன்றைக்கு இருக்கிறவர்களின் பாட்டு என்றால் அனுமதி கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும்.

இனி வெப்சைட். சிறியதாகக் கட்டுங்கள். தேடி வருகிறவர்கள் பாதிப் பேர் சென்னையிலோ, வளைகுடாவிலோ இருக்கிற நம் ஊர்க்காரர்கள். அவர்களுக்கு வேண்டியது கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை எத்தனை மணிக்கு, அசனம் (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) எந்தத் தேதி, ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்க யாரிடம் என்ன கொடுக்க வேண்டும், சேகர அலுவலக நம்பர் என்ன, அவ்வளவுதான். ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். கூகுள் மேப்பில் கோயிலைச் சரியான நேரத்தோடு பதிவு செய்வது இலவசம், பல சமயம் வெப்சைட்டைவிட அதைத்தான் ஆட்கள் பார்க்கிறார்கள். வாராவாரம் எழுத ஆள் இல்லாத இடத்தில் 'செய்திகள்' பக்கம் வைக்கவே வேண்டாம். மூன்று வருடத்துக்கு முந்தைய வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) அறிவிப்பு முகப்பில் நின்றால், கோயில் நடக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வந்துவிடும்.

நீங்கள் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். டொமைன் (வெப்சைட்டின் முகவரி), மெயில், யூடியூப், ஃபேஸ்புக் எல்லாம் சேகரத்தின் பெயரில் இருக்க வேண்டும், உங்கள் பெயரில் இருக்கக்கூடாது. ஐயர் (சபைப் போதகர்) மாற்றலாகிப் போவார், கமிட்டி மாறும், நீங்களும் வேலைக்கு வேறு ஊர் போவீர்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு சபையில் டொமைனை ஒரு வாலிபர் தன் சொந்த மெயிலில் வாங்கியிருந்தார். அவர் வெளிநாடு போனார், புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்களை யாரும் பார்க்கவில்லை, அது காலாவதியாகி வேறு யாரோ வாங்கி, சபையின் பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்தது. நல்ல பையன், நல்ல மனதோடு செய்த வேலை. சபைக்கென்று ஒரு மெயில் ஐடி, அதன் மீட்பு நம்பர் அலுவலக போன், எல்லாப் பாஸ்வேர்டும் ஒரு நோட்டில், நோட்டு அலுவலக பீரோவில். ஐயர் மாறும்போது சாவி, கணக்குப் புத்தகங்களோடு அந்த நோட்டும் கைமாற வேண்டும்.

பண விஷயத்தில் சொந்த முடிவு எடுக்காதீர்கள். க்யூ.ஆர். கோடு சேகரக் கணக்குடையதுதான் என்று பொருளாளரிடம் எழுத்தில் வாங்கி, ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வெளிநாட்டு உறவினர்கள் கேட்கிறார்களே என்று பேபால் பட்டன் வைத்துவிடக்கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தரும் காணிக்கை எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். அந்தப் பதிவு இல்லாமல் வாங்கினால் மாட்டிக்கொள்வது சபைதான். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் போட்டோவுக்கும் இப்படித்தான், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒன்றுகூடப் போகக்கூடாது. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்த படமே போதும், அழகாகவும் இருக்கும்.

ஐயரைப் பார்க்க அசனத்துக்கு முந்தைய வாரமோ, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து (தவக்கால) நாட்களிலோ போகாதீர்கள், அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சாதாரண வாரத்தில் ஒரு செவ்வாய், புதன் சாயங்காலம் போய், "ஐயரே, பாட்டு ஸ்லைடுகளை நான் சரிசெய்து தரட்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு மாதம் அதைச் சரியாகச் செய்துவிட்டால், வெப்சைட்டைப் பற்றி அவரே உங்களிடம் பேச்செடுப்பார். வாலிபர் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேரை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுங்கள்.