ஆறு ஏக்கரை விற்காதீர்கள், பிள்ளையை விலங்கியலில் சேருங்கள்

அம்மா,

நீங்கள் போனில் அழுததிலிருந்து அதே நினைவாக இருக்கிறேன். பிள்ளை நீட் எழுதினாள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் இடம் எட்டவில்லை. உங்கள் அண்ணன் ஏஜென்டைக் கையோடு கூட்டிவந்து, ஆறு ஏக்கர் நஞ்சையை விற்றால் வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைத்துவிடலாம் என்கிறார். மகளோ எனக்கு வயலும் பறவையும் போதும் என்கிறாள். யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை, நீங்களும் செய்யவில்லை. ஆறுதலாகச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இனி எழுதுவது உங்கள் அண்ணனுக்குப் பிடிக்காது.

அந்த நிலத்தை விற்கக் கூடாது. இதில் பேரமே கிடையாது.

ஏஜென்ட் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். 2021-ல் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி வெளிநாட்டுப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதே இடத்தில் 12 மாதம் பயிற்சி. திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வு. தேறினால் இன்னும் 12 மாதம் இங்கே பயிற்சி. அந்தத் தகுதித் தேர்வில் பல முறை ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர் என்ற அளவில்தான் தேறியிருக்கிறார்கள். மருத்துவத்தின் மேல் வெறியோடு போகிற பிள்ளைக்கே இது கரடுமுரடான பாதை. வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லும் பிள்ளையை, சோறு போடும் நிலத்தை விற்று அதில் தள்ளுவது அநியாயம். தேறாமல் திரும்பினால் அவளுக்குப் பட்டமும் உதவாது, உட்கார்ந்து யோசிக்க ஒரு வரப்பும் இருக்காது. அன்றைக்கு உங்கள் அண்ணன் வந்து நிற்பாரா? நிற்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிலம் திரும்பி வருமா?

பி.எஸ்சி. வேளாண்மை, நர்சிங், இன்ஜினியரிங் பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லும். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது மயிலாடுதுறையை ஒட்டி மன்னம்பந்தலில் இருக்கும் ஏ.வி.சி. கல்லூரியைப் பற்றி. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரம். அங்கே விலங்கியலோடு வனவுயிரியலும் சேர்ந்த துறை இருக்கிறது. எம்.எஸ்சி. வனவுயிரியல் படிக்க வெளி மாநிலப் பிள்ளைகள் தேடி வருகிற இடம். பக்கத்தில் இருப்பதால்தானோ என்னவோ நம் ஆட்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே கிடைக்காவிட்டால் எந்த அரசுக் கல்லூரியானாலும் சரி, இளநிலையில் விலங்கியல் எடுக்கட்டும். பட்டச் சான்றிதழில் விலங்கியல் என்ற பெயர் இருப்பது முக்கியம். இந்திய வனப்பணித் தேர்வுக்கும், டிஎன்பிஎஸ்சி நடத்தும் உதவி வனப் பாதுகாவலர் தேர்வுக்கும் அது ஏற்கப்பட்ட பாடம். கவர்ச்சியான புதுப் பெயர் வைத்த பட்டங்களை நம்பிச் சேர்ந்தால், விண்ணப்பம் போடும் நாளில்தான் சிக்கல் தெரியும்.

அவள் காட்டிய நோட்டைப் பார்த்த பிறகுதான் இவ்வளவு உறுதியாகப் பேசுகிறேன். கோடு போட்ட சாதாரண நோட்டு. "வாய்க்கால் பனை, தூக்கணாங்குருவிக் கூடு 14. அதில் 5 பாதியில் நிற்கிறது, பொட்டைக்குப் பிடிக்கவில்லையோ?" என்று எழுதியிருந்தாள். ஆண் குருவி பாதி வரை கட்டிவிட்டுக் காத்திருக்கும், பெண் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் மீதியை முடிக்கும் என்பது ஆய்வாளர்கள் எழுதிவைத்த விஷயம். யாரும் சொல்லித் தராமல் பனை அடியில் நின்று பார்த்தே அந்தக் கேள்விக்கு வந்திருக்கிறாள். இப்படிப் பார்க்கிற கண்ணைக் காசு கொடுத்து வாங்க முடியாதம்மா.

"பட்டம் வாங்கிக்கொண்டு வயலில் என்ன செய்வாள்?" என்று உங்கள் கணவர் கேட்டார். அதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

காவிரி டெல்டாவில் எலி எவ்வளவு கதிரைக் கத்தரிக்கிறது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிட்டி என்ற எலிப்பொறி வைக்கிறார், ஆள் விட்டுப் பிடிக்கிறார், மருந்தும் வைக்கிறார். மருந்து தின்று மயங்கிய எலியைத் தூக்கும் கூகை என்ற ஆந்தையும் சாகிறது. அடுத்த போகத்தில் எலிக்குக் கொண்டாட்டம். மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்கு மரப்பெட்டி அடித்துக் கம்பத்தில் ஏற்றி, எலியை அடக்குகிறார்கள். நம் வயலிலும் நாலைந்து பனை நிற்கிறது, இல்லாத இடத்தில் பெட்டி வைக்கலாம். கூகை எலியை முழுசாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் உள்ளே மண்டை ஓடுகள் அப்படியே கிடைக்கும். வரப்பைத் தோண்டும் எலியா, வயல் சுண்டெலியா, மூஞ்சூறா என்று பல்லைப் பார்த்தே சொல்லலாம். காவிரி டெல்டாவிலேயே இப்படி ஆய்வு நடந்திருக்கிறது. எந்த மாதம் எந்த எலி கூடுகிறது என்று கையில் கணக்கோடு ஒரு விவசாயி வீட்டுப் பெண் பேசினால், உங்கள் கணவர் கிட்டியை எப்போது, எந்த வரப்பில் வைப்பது என்று அவளைத்தான் கேட்பார்.

அப்புறம் வரப்பு. உளுந்து, தட்டைப்பயறு, இடையிடையே செண்டுமல்லி என்று வரப்பில் பூக்க விட்டால், பூச்சியின் முட்டைக்குள் முட்டையிடும் சின்னக் குளவிகளுக்குத் தேன் கிடைக்கும். நடவு முடிந்ததும் வயலுக்குள் அங்கங்கே பறவைத் தாங்கி நட வேண்டும். காய்ந்த கிளை போதும், செலவே இல்லை. கரிச்சான் குருவி அதில் உட்கார்ந்து அந்துப்பூச்சியைப் பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும்போது தாங்கியை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நெல் கொத்தும் பறவைகள் வந்து உட்காரும். தூக்கணாங்குருவியும் நெல் தின்னும், மறைக்கவில்லை. ஆனால் குஞ்சுக்கு அது ஊட்டுவது பூச்சியை. நத்தைகுத்தி நாரை நத்தையைப் பொறுக்குகிறது, மடையான் தவளையோடு பூச்சியையும் தின்கிறது. எது எப்போது நண்பன், எப்போது தொல்லை என்று கணக்கெடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அதுதான் அவள் படிக்கப்போகும் படிப்பு.

மயில் நாற்றங்காலில் இறங்கினால் என்ன செய்வது என்பதும் இதில் அடக்கம். விஷம் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மயில் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஜெயிலுக்குப் போக வேண்டிவரும்.

ஆறு ஏக்கரையும் ஒரே போகத்தில் இயற்கை விவசாயத்துக்கு மாற்றச் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் நானே தடுப்பேன். ரசாயன உரத்தை நிறுத்தியதும் முதல் சில போகம் மகசூல் குறையும், அந்த அடியைக் குடும்பம் தாங்காது. அவள் பொறுப்பில் ஒரு ஏக்கர் விடுங்கள். பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, சம்பா பருவத்துக்கு மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய ரகம் போடட்டும். நீண்ட வயது நெல், கார்த்திகை மழையில் தண்ணீர் நின்றாலும் ஓரளவு தாங்கும், காற்றில் சாயவும் செய்யும். அறுப்புக்கு முன்னால் உளுந்து தெளிப்பது உங்களுக்குத் தெரிந்த வேலைதான். இயற்கை விளைச்சல் என்பதற்கான அங்ககச் சான்று கேட்டால் ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு மாறுதல் காலம் உண்டு, அதற்கென்று தமிழ்நாடு அரசிடமே துறை இருக்கிறது. அவள் பட்டம் வாங்கும்போது அந்த ஏக்கருக்குச் சான்றும் கையில் இருக்கும். நெல்லாக மூட்டை போடாமல் அரிசியாக்கி விற்றால்தான் பாரம்பரிய ரகத்துக்குக் கட்டும். ஒவ்வொரு செலவையும் அவளே எழுதட்டும். மூன்று ஆண்டுக் கணக்கு நஷ்டம் காட்டினால் அந்த ஏக்கர் பழையபடி உங்கள் கணவரிடம் போகட்டும், அவள் பட்டத்தோடு வேலை தேடட்டும்.

வேலையைப் பற்றியும் மழுப்பாமல் சொல்கிறேன். வனவுயிரியலில் பணியிடங்கள் குறைவு. ஆராய்ச்சித் திட்டங்களில் உதவித்தொகையோடு சேரலாம், அது இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை முடிந்து முடிந்து தொடங்கும். கோவை ஆனைகட்டியில் சலீம் அலி பறவையியல் மையம், கோடியக்கரையில் வலசைப் பறவை ஆய்வு, வனத்துறைத் தேர்வுகள், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்கள் என்று வாசல்கள் உண்டு. எதுவும் மாதம் லட்ச ரூபாய் தந்து தொடங்காது. அதனால்தான் நிலத்தை விடாதீர்கள் என்கிறேன். வேலைக்கும் வேலைக்கும் நடுவில் அவளுக்குக் கால் ஊன்ற அந்த ஆறு ஏக்கர் இருந்தால், கண்டதற்கும் தலையாட்ட வேண்டிய அவசியம் வராது.

செலவு? அரசுக் கல்லூரியிலோ, அரசு உதவி பெறும் பிரிவிலோ கட்டணம் உங்கள் குடும்பம் கடன் வாங்காமல் கட்டும் அளவுதான். சுயநிதிப் பிரிவா, உதவி பெறும் பிரிவா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள், ஒரே கல்லூரியில் இரண்டும் இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். சேர்ந்ததும் கல்லூரி அலுவலகத்தில் மறக்காமல் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பொம்பளைப் பிள்ளைக்கு வயலில் என்ன வேலை என்று அண்ணன் சொன்னாராம். அவர் வீட்டு நடவையும் களையையும் யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது. விற்க நினைக்கும் நிலம் பரம்பரைச் சொத்தானால் அதில் அவளுக்கும் பங்கு உண்டு, அவளைக் கேட்காமல் பத்திரம் பேசுவது முறையே இல்லை.

வரும் ஜனவரியில் பொங்கலை ஒட்டி, தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடத்துவார்கள். 2015 முதல் நடக்கிறது, யாரும் சேரலாம். உங்கள் வயலிலிருந்தே அவள் கணக்கு அனுப்பட்டும், கணவரையும் கூட நிற்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு அவசரம் விண்ணப்பம். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று எடுத்துக்கொண்டு நீங்கள் மூன்று பேர் மட்டும் கல்லூரிக்குப் போய் வாருங்கள். ஏஜென்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்து, எழுத்து மூலமாகத் திருப்பிக் கேளுங்கள். அவர் தராமல் இழுத்தடித்தால் என்னிடம் வாருங்கள், நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுத உதவுகிறேன்.