வாலில் ஒரு கிராம்

அன்புள்ள ஐயா,

நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக பால்சா என்ற லேசான மரத்தில் கட்டும் ஒரு மாதிரி விமான கிட் வாங்கி, நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து முடித்திருக்கிறேன். இறக்கை 45 செ.மீ., முறுக்கிய ரப்பரில் சுற்றும் காற்றாடி. உடைந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு தரம் பசை வைத்தேன். வால் ரொம்பவும் மெலிதாகத் தெரிந்ததால் ஓரங்களில் கூடுதலாகப் பட்டை ஒட்டினேன். சட்டத்தின் மேல் ஒட்டிய டிஷ்யூ தாளுக்குச் சிவப்பு எனாமல் இரண்டு பூச்சு. பார்க்க அற்புதமாக இருக்கிறது. ஆனால் கையிலிருந்து விட்டால் மூக்கைத் தூக்குகிறது, ஒரு கணம் தயங்குகிறது, விழுந்துவிடுகிறது. தடிமனான ரப்பர் போடச் சொல்கிறார் நண்பர். எந்த ரப்பர் போடலாம்? வெள்ளைப் பசை நல்லதா, உடனே ஒட்டும் பசையா? ‘ரெடிமேடா ஃபோம் விமானம் வாங்கியிருக்கலாமே’ என்கிறான் மகன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகன் சொன்னதை விடுங்கள், மகன்கள் அப்படித்தான் சொல்வார்கள். பசையும் பெரிய விஷயமில்லை, இரண்டுமே ஒட்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எத்தனை மாதம் என்று இருக்கிறது, என்ன நிறம் என்று இருக்கிறது, எத்தனை தரம் பசை என்றுகூட இருக்கிறது. எடை எவ்வளவு என்று மட்டும் இல்லை. பறக்க வேண்டிய பொருளைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு அதன் எடையைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்களே!

1871-இல் பாரிசின் துய்லரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர் முறுக்கிய ரப்பரால் ஒரு மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார். 11 வினாடி பறந்தது. அதன் இறக்கையும் உங்களுடையதைப் போல 45 செ.மீ.தான். மொத்த எடை 16 கிராம், அதில் கிட்டத்தட்ட 5 கிராம் ரப்பர். பால்சா அப்போது இந்த வேலைக்கு வந்திருக்கவே இல்லை. உங்கள் விமானத்துக்கு உடல், சக்கரம் எல்லாம் உண்டு, அதனால் 16 கிராமில் நிற்காது, சரி. ஆனால் எனாமலா? அதுவும் இரண்டு பூச்சா?

வாலுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகத்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விமானம் தராசு மாதிரி. முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் விரல்நுனியில் தாங்கினால் சமமாக நிற்க வேண்டும். சரியான இடம் உங்கள் கிட்டின் வரைபடத்திலேயே குறித்திருக்கும். அங்கிருந்து மூக்கு 10 செ.மீ., வால் 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வாலில் நீங்கள் ஏற்றுகிற ஒரு கிராமைச் சமன் செய்ய மூக்கில் இரண்டரை கிராம் களிமண் ஒட்டியாக வேண்டும். ஆக, ஒரு கிராம் பட்டைக்கு மூன்றரை கிராம் சுமை. மூக்கில் ஒட்டாமல் விட்டால் உங்களுடையது செய்வதைத்தான் செய்யும்: மூக்கைத் தூக்கும், தயங்கும், விழும். அது தயங்குவது ரப்பர் போதாமல் அல்ல, நீங்கள் ஆசையாக ஒட்டிய அந்தப் பட்டையால்.

அப்புறம் இன்னொரு கணக்கு. எடை இரண்டு மடங்கானால் அதே இறக்கை அதைத் தாங்க சுமார் 1.4 மடங்கு வேகம் வேண்டும், சக்தியோ ஏறக்குறைய 2.8 மடங்கு. வேகம் கூடினால் மோதுவதும் பலமாகத்தான் இருக்கும். உடையாமலிருக்க நீங்கள் வைத்த பசையே அதை உடைத்துவிடலாம்.

பதின்மூன்று வயதில் எனக்கும் அக்காவுக்கும் ஒரே மாதிரி இரண்டு கிட் கிடைத்தன. ஒரே கிட்டில் ஒரே அளவில் இருக்கும் இரண்டு பால்சா குச்சிகளில் ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு கனமாக இருக்கலாம். இது எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் அவள் ஒவ்வொரு குச்சியையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, லேசானதை வாலுக்கு என்று தனியே எடுத்து வைத்தாள். பசையைக் குண்டூசி முனையால் தொட்டு வைத்தாள். நான் ட்யூபை அழுத்தினேன். ‘இது விமானமா, பெஞ்சா?’ என்று கேட்டாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அவளுடையது வட்டம் போட்டு ஏறி, மரங்களுக்கு மேலே போய், திரும்பி வரவே இல்லை. இருட்டும்வரை தேடினோம். என்னுடையது மூன்று தரம் குப்புற விழுந்தது, ஒரு குச்சிகூட விரியவில்லை. அன்றைக்குக் காற்று அவள் பக்கம் இருந்தது என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். காற்றே இல்லை. என் விமானம் இன்னும் பரணில் கிடக்கிறது. அக்கா வரும்போதெல்லாம் ‘உன்னோடது பத்திரமா இருக்கில்ல?’ என்று விசாரிப்பாள்.

பால்சா, இலவ மரத்துக்கு உறவு. அதன் காயிலும் பஞ்சு உண்டு. பட்டையும் பெயிண்டும் ஏற்றிவிட்டுப் பறக்கும் பறக்கும் என்று நீங்கள் உட்கார்ந்திருந்தால், இலவு காத்த கிளி கதை அந்த மரத்துக்கு ரொம்பவே பொருந்திவிடும்.

பெயிண்டைச் சுரண்டப் போகாதீர்கள், தாள் கிழியும். இறக்கையும் உடலும் இருக்கட்டும், வாலை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். இருப்பதிலேயே லேசான குச்சிகள், முனையில் தொட்ட பசை, உப்புத்தாளில் நன்றாகத் தேய்ப்பு. தாளை ஒட்டித் தண்ணீர் தெளித்ததும் அது இழுத்துக்கொள்ளும், அப்போது வாலைப் பலகையில் குண்டூசியால் பிடித்துவைத்தே காயவிடுங்கள், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். நிறம் கிடையாது. பிறகு ரப்பரை முறுக்காமலே புல் உயரமாக வளர்ந்த இடத்தில் மிதக்கவிட்டுப் பாருங்கள்.

ரப்பரைப் பற்றித்தானே கேட்டிருந்தீர்கள். கிட்டில் வந்ததே போதும். தடிமனானது முறுக்கும்போது பலமாகத் தெரியும், ஆனால் குறைந்த சுற்றுதான் ஏறும், சீக்கிரம் தீர்ந்துவிடும், அதுவும் எடைதான்.

பழைய வால் எத்தனை கிராம், புதிய வால் எத்தனை கிராம் என்று எழுதுங்கள். நிறத்தைப் பற்றி எழுத வேண்டாம்.