ரெண்டு டிஸ்க்கு போச்சு, ரெய்டு ஏறல

கேள்வி: சார், காட்பாடில போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். லினக்ஸ் சிஸ்டத்துல 4 டிஸ்க்க ஒண்ணா சேத்து ரெய்டு 5 (ஒரு டிஸ்க்கு போனாலும் டேட்டா தப்பிக்கற செட்டப்) போட்டிருக்கேன், கல்யாண ஆல்பம் எல்லாம் அதுலதான் கீது. போன மாசம் ஒண்ணு அவுட்டு, நேத்து கரண்ட் போயி வந்ததும் இன்னொண்ணும் போச்சு. ரெய்ட திரும்ப புதுசா கிரியேட் பண்ணா டேட்டா வந்துடுமா?

பதில்: ஐயோ, அந்த கிரியேட் பக்கமே போவாதீங்க! டிஸ்க் ஆர்டரோ சங்க் சைஸோ (டேட்டாவ பிரிச்சு வைக்கற துண்டோட அளவு) மாறிப்போய் ரீசிங்க் (டிஸ்க்குங்கள மறுபடி ஒத்துப்போக வைக்க மேல எழுதறது) ஓடுச்சுன்னா இருக்கறதும் காலி. மொதல்ல கேபிள், பவர் கனெக்‌ஷன் பாருங்க, சில நேரம் டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கும். அப்புறம் எம்டிஆடம்ல (லினக்ஸ்ல ரெய்ட பாத்துக்கற கமாண்ட், mdadm) எக்ஸாமின் போட்டு ஒவ்வொரு டிஸ்க்கோட ஈவென்ட் கவுன்ட்டையும் (டிஸ்க்கு எதுவரைக்கும் அப்டேட் ஆயிருக்குன்னு காட்டற நம்பர்) எழுதிக்கங்க, நேத்து போனது மத்த ரெண்டுக்கும் கிட்ட இருக்கும், போன மாசம் போனது எங்கயோ பின்னாடி நிக்கும், அத சேர்க்கவே கூடாது ஏன்னா அதுல இருக்கறது பழைய டேட்டா. 4ல 3 இருந்தாலே ரெய்டு 5 ஏறும். நேத்து போனதுல ரீட் எரர் வந்தா டிடிரெஸ்க்யூ (கெட்டுப்போற டிஸ்க்குலேந்து முடிஞ்சவரைக்கும் காப்பி எடுக்கற சாஃப்ட்வேர், ddrescue) வச்சு புது டிஸ்க்குக்கு காப்பி எடுத்துட்டு, அந்த காப்பியோட மத்த ரெண்டையும் சேத்து எம்டிஆடம்ல அசெம்பிள் பண்ணுங்க (இருக்கற ரெய்ட அப்படியே ஏத்தறது), கூடவே ஃபோர்ஸ் ஆப்ஷனும் போடுங்க. ஏறிச்சுன்னா ரீட் ஒன்லியா (படிக்க மட்டும், எழுதாம) மவுன்ட் பண்ணி ஆல்பத்த வெளிய எடுங்க, எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்த சரி பண்ற கமாண்ட், fsck) எல்லாம் அதுக்கப்புறம்தான். டிஸ்க்கு டக்கு டக்குன்னு சத்தம் போட்டா மட்டும் நீங்க எதுவும் ட்ரை பண்ணாம, பவர ஆஃப் பண்ணிட்டு நல்ல டேட்டா ரெக்கவரி ஆளுங்க கிட்ட குடுத்துடுங்க.