16% பர்சனல் லோனை 12%க்கு மாத்தலாமா?

ப்ரோ, 5 லட்சம் லோன், 16%, மாசம் 12,159 இஎம்ஐ, 3 வருஷம் கட்டியாச்சு, இன்னும் 24 மாசம் இருக்கு, வேற பேங்க்காரன் 12%க்கு கூப்பிடுறான்னு கேட்டிருக்கீங்க. எனக்கென்னவோ வேண்டாம்னுதான் தோணுது. பாக்கி அசல் சுமார் 2.48 லட்சம், அதே 24 மாசத்துக்கு மாத்தினா வட்டில மிச்சமாகுறது 11,000 சொச்சம்தான், ஆனா நீங்க சொன்ன 4% ஃபோர்குளோசர் சார்ஜே (லோனை முன்னாடியே முடிக்க பழைய பேங்க் கேக்குற கட்டணம்) ஜிஎஸ்டியோட 11,700 கிட்ட வந்துடும், புது பேங்க் கேக்குற 2% ப்ராசசிங் ஃபீ வேற தனி, அப்புறம் எங்க லாபம்? போன்ல பேசுறவங்க இஎம்ஐ 5,500தான் சார்னு சொல்லி 5 வருஷத்துக்கு இழுத்து விடுவாங்க, அப்படிப் போனா வட்டி மட்டும் 83,000, இப்ப உள்ள லோன்ல மீதி வட்டியே 43,500தான் (என் மச்சான் இப்படித்தான் மாட்டிக்கிட்டு முழிச்சான்). போனஸ் ஏதாச்சும் வந்தா இப்ப உள்ள லோன்ல பார்ட் பேமென்ட் (அசல்ல ஒரு பகுதியை முன்னாடியே அடைக்குறது) கட்ட விடுறாங்களான்னு சாங்ஷன் லெட்டர்ல (லோன் கொடுத்தப்ப பேங்க் தந்த லெட்டர்) பாருங்க.